ரெமேயின் குரலுக்குத் திரும்பும் பஸ்

பஸ்ஸின் மேல்தளத்து முன்பக்கக் கம்பியில் மோதிர விரலால் மூன்று முறை தட்டுகிறாள் ரெமே. முதல் தட்டு, கீழே ஓட்டுநர் குர்ரோ காப்பிக் கோப்பையை வைப்பதற்கு. இரண்டாவது, மேலே நின்று படம் எடுப்பவர்கள் உட்காருவதற்கு. மூன்றாவது விழுந்ததும் மொட்டைமாடி பஸ் நகரும். மணி ஒன்றும் இருக்கத்தான் செய்கிறது. பதினோரு வருடத்தில் அவள் அதைத் தொட்டதே இல்லை.

ஸ்பெயினில் எங்கள் செவில் நகரத்தின் அழகையெல்லாம் காதில் மாட்டிய கருவி பன்னிரண்டு மொழிகளில் சொல்லிவிடும். பயணிகளின் தலையைக் காப்பது ரெமேயின் வேலை. "குனிங்க, என் உசுரே, கிளை வருது!" எழுபது வயது ஜெர்மன்காரரும் அவளுக்கு உசுருதான். ஆரஞ்சு மரங்கள் கைக்கெட்டும் உயரத்தில் வரும்போது யாராவது ஒருவர் பழத்தைப் பறித்துக் கடிப்பார். எங்கள் தெரு ஆரஞ்சு வேப்பங்காயோடு போட்டி போடும். ரெமே தடுக்கமாட்டாள். முகம் கோணும்வரை காத்திருந்து தண்ணீர் பாட்டிலை நீட்டுவாள். "இதுக்குத் தனி டிக்கெட் இல்ல, கவலைப்படாதீங்க" என்பாள்.

வயது ஐம்பத்தொன்று. ஆள் குள்ளம். குரல் மட்டும் ஆற்றின் அக்கரைவரை போகும். அது குடும்பச் சொத்து. புனித வாரத்தில் மாதா சப்பரத்தைப் பிடரியில் சுமக்கிறவர்களுக்கு, அதைச் சுற்றித் தொங்கும் திரைக்குள்ளே ஒன்றும் தெரியாது. முன்னால் நடக்கிறவரின் குரலை நம்பித்தான் அடி வைப்பார்கள். அவர் சப்பரத்தின் முகப்பில் பொருத்திய சுத்தியலை மூன்று முறை தட்டினால்தான் அது எழும். முதலில் தாத்தா, பிறகு அப்பா, இப்போது அண்ணன் பாஸ்குவால்.

ஒவ்வொரு வருடமும் கேட்பாள். "ஒரே ஒரு தெருண்ணே. நான் குரல் குடுக்கறேன்." ஒவ்வொரு வருடமும் அதே பதில்தான். "பொம்பளை குரலுக்கு எவனும் அடி வைக்கமாட்டான், தங்கச்சி." பதினெட்டு வருடம் அதே சப்பரத்தைச் சுமந்து பிடரி காய்த்தவன் குர்ரோ. "ஒன் குரலுக்கு நான் தினம் ஒம்போது தடவை வைக்கிறேனே, நான் ஆம்பளை இல்லையா?" என்று அவளைச் சிரிக்க வைப்பான். அவள் சிரிப்பாள். ஆனால் அந்த ஒரு தெரு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை பெரிய சாலையில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. போலீஸ்காரர் பஸ்ஸை ஒரு குறுகிய தெருவுக்குள் திருப்பிவிட்டார். அதன் முனையில் ஒரு பால்கனி பயணிகளின் தோள் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. பாதி திரும்பிய பஸ் அதில் உரசப்போய் நின்றுவிட்டது. பின்னால் வரிசையாகக் கார்கள். எதிரே இருந்த மதுக்கடையிலிருந்து பீர் கோப்பையோடு வெளியே வந்த கூட்டத்தில் பாஸ்குவாலும் இருந்தான்.

"குர்ரோ! நான் சொல்றேன், வலது பக்கம் ஒடி!"

குர்ரோ இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டான். "எனக்கு மேலேருந்து சொன்னாத்தான் கேக்கும்ணே."

தெருவே சிரித்தது. ரெமே சிரிக்கவில்லை. உள்ளங்கை வியர்வையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கம்பியில் மூன்று முறை தட்டினாள்.

"மெதுவா, என் உசுரே. அடியக் குறை. இடது முன்னால... வலது அப்படியே... இன்னும் குறை, இன்னும்..."

சப்பரத்துக்குச் சொல்லும் அதே சொற்கள், அதே இழுவை. காதுக் கருவி அங்கே இல்லாத ஒரு கோபுரத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தது. பயணிகள் ஒவ்வொருவராக அதைக் கழற்றிவிட்டு இவளைக் கேட்டார்கள். பால்கனிக்காரி பதறிப்போய் ஜெரேனியப் பூந்தொட்டியைத் தூக்கப் போனாள்.

"தொடாதம்மா, அது அங்கயே இருக்கட்டும்" என்றாள் ரெமே.

அங்கேயே இருந்தது. பஸ் விரல் விரலாக நகர்ந்தது. ஒரு பூ மட்டும் ஒரு பயணியின் தொப்பியைத் தடவிவிட்டு நிமிர்ந்தது. தெருவில் கோப்பைச் சத்தம்கூட இல்லை. வால்பக்கம் முனையைக் கடந்ததும், "அங்கயே நில்லு!" என்றாள். பஸ் நின்றது. சப்பரம் திரும்பும்போது தட்டுவார்களே, அப்படிக் கை தட்டியது தெரு. ரெமே அழுதாள். மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

பாஸ்குவால் படியேறி மேலே வந்தான். பெரிய மனிதர்கள் வந்தால் சுத்தியலைத் தட்டும் மரியாதையை அவர்களுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். ரெமே ஒதுங்கி நின்று கம்பியைக் காட்டினாள். "தட்டுண்ணே."

அவன் கையை உயர்த்தினான். ஆனால் கம்பியைத் தொடவில்லை. கையை இறக்கிக்கொண்டு, சப்பரத்தின் அடியில் நிற்கிறவனைப்போலப் பிடரியை வளைத்துக் குனிந்து, அவள் தட்டட்டும் என்று நின்றான்.