மண் போட்டுத் தெளிந்த தண்ணீர்

பெருமுக்கல் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர்க் குளத்தில் தண்ணீர் மொள்ளும்போதே ஊறிய இலையின் வாடை மூக்கில் ஏறும். கரையில் நின்ற புங்கமும் நாவலும் உதிர்த்ததெல்லாம் அதிலேயே விழுந்து மக்கி, பங்குனியில் தண்ணீர் குறையும்போது குளமே கடுங்காப்பி நிறத்துக்கு வந்துவிடும். "டீத்தண்ணி" என்போம். எத்தனை மடிப்புத் துணியில் வடிகட்டினாலும் அந்த நிறம் போகாது, ஏனென்றால் அது மிதக்கும் தூசி அல்ல, தண்ணீரோடு கரைந்துபோன இலைச்சாறு.

அம்மா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஊருக்கு மேற்கே இருந்த செம்மண் மேட்டிலிருந்து எடுத்துவந்து சலித்த மண்ணை இரண்டு கை அள்ளிக் குடத்தில் போட்டு, நன்றாகக் கலக்கி மூடி வைப்பார். கலக்கியதும் பார்க்கச் சகிக்காது. மறுநாள் மண் அடியில் படிந்து, மேலே நிறமில்லாத தண்ணீர் நிற்கும். அதை மொண்டு கொதிக்க வைத்துத்தான் குடிக்கத் தருவார். "மண்ணு அந்தக் கறைய புடிச்சிக்கினு கீழ போயிடும், நீ குடத்த ஆட்டாம இருந்தா போதும்" என்பார்.

திண்டிவனத்தில் ஏழாவது படித்தபோது, தண்ணீரைச் சுத்தம் செய்யும் முறைகளை அறிவியல் டீச்சர் கேட்க, நான் எழுந்து இதைச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. "உங்க வீட்ல மண்ணத்தான் குடிக்கிறீங்களா?" என்று டீச்சரும் சிரித்தார். செய்து காட்டுகிறேன் பார் என்று மறுநாள் வீம்பாகக் குளத்துத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுபோனவள் செம்மண்ணை மறந்துவிட்டேன். எல்லாம் மண்தானே என்று பள்ளி மைதானத்து மணலை அள்ளிப் போட்டேன். மணல் உடனே அடியில் போய் உட்கார்ந்தது, நிறம் அப்படியே நின்றது. அன்றிலிருந்து என் பெயர் "மண்ணுத்தண்ணி". பெயர் எனக்குத்தான், ஆனால் சிரிப்பு அம்மாவைப் பார்த்து. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அம்மா கேலிக்குக் கோபப்படவில்லை, மணலைப் போட்டதற்குத்தான் திட்டினார். "மணலு எதையும் புடிக்காது. செம்மண்ண எடுத்துக்கினு போ."

மறுநாள் மணி அடிக்கும் முன்பே செம்மண் கலக்கிய பாட்டிலை ஜன்னலில் வைத்தேன். டீச்சர் எடுக்கச் சொன்னார், மாட்டேன் என்றேன். பெஞ்சின்மேல் நிற்க வைத்தார். நின்றேன், அங்கிருந்து பாட்டில் இன்னும் நன்றாகத் தெரிந்தது. கடைசிப் பீரியடில் பாட்டிலின் மேல் பாதி தெளிந்திருந்தது. டீச்சர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, எங்கே எடுத்த மண் என்று கேட்டார்.

"எங்கம்மா எடுத்த மண்ணுங்க" என்றேன்.

அதற்குப் பிறகும் பெயர் மட்டும் போகவில்லை.

இன்று எனக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. செம்மண் துகள்களைப் போர்த்தியிருக்கும் இரும்புத் துருவில்தான் கரைந்த இலைச்சாறு ஒட்டிக்கொள்கிறது, வெறும் மணலில் அந்தப் பிடிப்புக் குறைவு என்று படித்திருக்கிறேன். அம்மா சொன்னதற்கு மேல் அதில் கொஞ்சம்தான் இருக்கிறது. குளம் இப்போது வீட்டுமனை. மேட்டை லாரிகள் சாலைக்கு அள்ளிப் போய்விட்டன. குடம் சுமந்த அந்தக் காலம் திரும்ப வேண்டாம், அந்த இடுப்புவலி எனக்குத் தெரியும். ஆனால் அம்மா குடத்தில் மண் போட்டதை அறியாமை என்று எவரும் என் முன்னால் சொல்ல விடமாட்டேன்.

அந்த மேட்டின் கடைசிப் பிடி மண், தெளிந்த தண்ணீருக்கு அடியில், ஒரு கண்ணாடிப் பாட்டிலில் என் மேசைமேல் இருக்கிறது. வருகிறவர்கள் முதலில் அதைப் படிக்கட்டும் என்று பெரிய எழுத்தில் நானே சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன்: மண்ணுத்தண்ணி.