பனங்கட்டி போட்ட வியன்னா பியர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. பிழைக்க வந்த இந்த நாட்டில், ஸ்பிரிங்வேலிலும் டண்டினோங்கிலும் எத்தனையோ இறைச்சிக் கடைக் குளிரறைகள் என் கையால் உயிர் பெற்றவை. பட்டம் படித்தவர்கள் மீற்றரை வைத்துப் பார்த்துக் கைவிரித்த மெஷினுக்கு முன்னால் நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். ஒரு நிமிடம் போதும், பழுது எங்கே என்று காது சொல்லிவிடும். அந்தக் காது என்னை ஒருநாளும் ஏமாற்றியதில்லை. அதனால்தான் இனிச் சொல்லப்போவதை நானே நம்பவேண்டியிருக்கிறது.

நோபல் பார்க்கில் என் வீட்டுக் கராஜில் பியர் காய்ச்சுகிறேன். இதில் எனக்குக் கூட்டாளி ஒருவன்தான், நாற்பது வருடச் சிநேகிதன், நாலு தெரு தள்ளி வீடு. ஊரில் பேக்கரியில் வேலை செய்தவன். மூக்கும் நாக்கும் அவனுடைய பங்கு, குளிர் என்னுடைய பங்கு. யாரோ வீதியில் எறிந்த கடைப் பிரிட்ஜைத் திருத்தி, அதற்குள் பீப்பாவை வைத்து, அரைப் பாகைகூட அசையாமல் குளிரை நிறுத்திக் காட்டியவன் நான். நாங்கள் காய்ச்ச நினைத்த வியன்னா லாகர் பியருக்கு அதுதான் முக்கியம். பத்துப் பாகையில் மூன்று கிழமை, இருபத்தொரு நாள், புளிக்கவேண்டும். பிறகு தண்ணீர் உறையும் குளிருக்குச் சற்று மேலே ஐந்தாறு கிழமை சும்மா கிடக்கவேண்டும்.

சாமான் வாங்கப் போன அன்று, கடைக்காரன் பார்த்துக்கொண்டிருக்க, சிநேகிதன் ஒவ்வொரு வாளியிலும் நாலு மணி எடுத்துச் சப்பிப் பார்த்தான். முளைக்க வைத்துக் காய வறுத்த பார்லி அது, மோல்ட் என்பார்கள்.

“இதுதான் மச்சான். பேக்கரிப் போறணை அடுப்பாலை சுடச்சுட எடுத்த பாணின்ரை பொருக்கு மணக்குது. வியன்னா மோல்ட் மட்டும் போடுவம். கசப்புக்கு அந்தச் செக் நாட்டு ஹொப்ஸ் பூ, அதுவும் கொஞ்சம். வேறை ஒண்டும் வேண்டாம்.”

“நிறம் வராதடா. வெளிறிப்போய் நிக்கும்.”

“செம்பு மாதிரி வரும். நீ உன்ரை கையை வச்சுக்கொண்டு சும்மா இரு, காணும்.”

காய்ச்சுவதற்கு முன்பே அவன் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டான். ஈரலில் புற்று, வந்தது திரும்பிப் போகாது என்றார்கள். “நீ காய்ச்சு, நான் வந்து குடிக்கிறன்” என்றான்.

தனியாகத்தான் காய்ச்சினேன். கொதிக்கத் தொடங்கும்போதே பார்த்தால் நான் சொன்னதுதான் சரி, வெளிறிய தேத்தண்ணீர் மாதிரி நின்றது. அவனுடைய கடைசிப் பியர் இப்படியா இருக்கவேண்டும்? அலுமாரியில் பனையோலைக் குட்டான்களில் பனங்கட்டி, அதுதான் கருப்பட்டி, இருந்தது. இரண்டு குட்டானை உடைத்துப் போட்டேன். நிறம் வந்தது பாருங்கள், வியன்னாக்காரன் கண்டால் என் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பான்.

நாலாம் நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தான். “மச்சான், பீப்பாவுக்குக் கிட்டப் போனைப் பிடி.”

பீப்பா மூடியில் தண்ணீர் விட்ட சின்னக் குழாய் ஒன்று இருக்கும். உள்ளே புளிக்கப் புளிக்க அதனூடாகக் காற்று வெளியேறும். புளுக். புளுக். பிரிட்ஜைத் திறந்து போனை அதற்குப் பக்கத்தில் பிடித்தேன். அவன் மூச்சு மட்டும் ஸ்பீக்கரில் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பார்த்தால், அவன் மூச்சும் அந்தப் புளுக்கும் ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருந்தன.

“கெதியாய் ஓடுது” என்றான். “இனிப்பு ஏதோ விழுந்திருக்கு. என்னத்தைப் போட்டனி?”

“ஒண்டும் போடேல்லை.”

“சத்தியமோ?”

“என்ரை தொழிலாணை.”

“சரி. குடிக்கேக்கை தெரியும்தானே.”

ஏழாம் கிழமை. பிரிட்ஜ் ஒரு பாகையில் நின்றது. அந்தக் குளிரில் ஈஸ்ட் தூங்கிவிடும், குழாய் செத்துக் கிடந்து பல நாள். பகல் பதினொரு மணி, கராஜில் நல்ல வெயில். கதிரையில் இருந்து ஒரு மோட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். புளுக். எழுந்துபோய்த் திறந்தேன். குளிர் அசையவில்லை. புளுக் என்றது, நின்றது. நின்றுவிட்டது என்று நினைக்க மறுபடியும் ஒன்று. ஒவ்வொரு இடைவெளியும் முந்தியதைவிட நீளம். பிறகு அடுத்தது வரவேயில்லை. நான் கதவை மூடவும் அவன் மனைவியின் போன் வந்தது. அப்போதுதான் போயிருந்தான்.

எட்டாம் நாள் எட்டுச் செலவு. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படத்துக்கு முன்னால் படைத்துவிட்டு, அவர் வந்து உண்ணட்டும் என்று அறைக் கதவைச் சாத்தி எல்லோரும் வெளியே நிற்பது வழக்கம். சோறு, நண்டு, ஆட்டிறைச்சி, ஒரு கிளாஸ் சாராயம். என் பியரையும் கொண்டுவரச் சொன்னாள் அவன் மனைவி. பீப்பாவிலிருந்து போத்தலில் பிடித்துக்கொண்டு போய் என் கையாலேயே ஊற்றினேன், முக்கால் கிளாஸ்.

வெளியே அவன் அக்கா சொன்னாள்: “அவனுக்கு நாக்கு நீளம். உப்புக் காணாட்டி எழும்பி வந்து சொல்லுவான்.”

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் கேட்டது. புளுக். ஒருமுறைதான். மற்றவர்களைப் பார்த்தேன், யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை.

கதவைத் திறந்தார்கள். சாராயம் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. “குடிச்சிட்டான்” என்று அக்கா கண்ணைத் துடைத்தாள். நான் பியரைப் பார்த்தேன். நுரை அடங்கினால் குறையத்தான் வேண்டும். அது விளிம்புவரை நிறைந்து நின்றது. குடித்துப் பார்த்துத் திருப்பித் துப்பியதுபோல.

“பனங்கட்டி போட்டனான்” என்றேன். வாய் தானாகத் திறந்தது.

“பியருக்குள்ளையோ?” என்றாள் அக்கா. “தம்பி, பிட்டெண்டு நினைச்சிட்டியளோ?”

அவன் மனைவி சிரிக்கவில்லை. “அவர் போன் எடுத்த அண்டைக்கே சொன்னவர் அண்ணை, நீங்கள் ஏதோ இனிப்புப் போட்டிட்டியளெண்டு. பனங்கட்டி பெரிசில்லை. நீங்கள் சத்தியம் பண்ணினதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு கிடந்தவர்.”

அந்தப் பீப்பாவை அன்றே சாக்கடையில் கவிழ்த்தேன். மறுபடி காய்ச்சினேன். வியன்னா மோல்ட், செக் பூ, தண்ணீர், ஈஸ்ட். என் கைக்கு வேறு வேலை கொடுக்கவில்லை. ஒன்பது கிழமை கழித்துப் பார்த்தால், செம்பு. அவன் சொன்னதுதான் சரி. இதை நான் வேறு யாருக்கும் சொன்னதில்லை.

ஒரு பின்னேரம் அவன் வீட்டுக்குப் போய்ப் படத்துக்கு முன்னால் ஊற்றி வைத்தேன். “முந்தினதிலை போட்டனான் மச்சான். இதிலை ஒண்டும் இல்லை” என்றேன். அவன் மனைவி கதவைச் சாத்தினாள். அங்கே நிற்க எனக்குத் துணிவு வரவில்லை.

“கிளாஸைப் பாக்கேல்லையோ அண்ணை?”

“நீ பார் பிள்ளை” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.

மறுநாள் காலை போன் எடுத்தாள். வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்தறியாதவள் அவள்.

“அண்ணை, அந்தப் பியர் இன்னும் இருக்கோ?”

ஏன் என்று நான் கேட்கவில்லை. இருந்த போத்தல் அத்தனையையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன்.