மெஷினுக்கு விட்ட எண்ணெய்

கேஸ் குப்பி போட்டுச் சுடும் ஏர்கன்னை என் மகன் 'மெஷின்' என்றுதான் சொல்வான். அதை வைத்துப் போட்டிகளில் சுடுவான். அவன் இறந்த பிறகு, துருப்பிடிக்கக் கூடாதே என்று என் தையல் மெஷின் எண்ணெயையே அதற்கும் விட்டுவந்தேன். போன மாதம் மன்னார்புரத்திலிருந்து அவன் சிநேகிதன் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"ஒரு தடவை சுடுப்பா, அந்தச் சத்தம் கேக்கணும்" என்றேன்.

குப்பியை மாட்டியதும் கேஸ் முழுக்கப் புஸ்ஸென்று போய்விட்டது.

"என்ன எண்ணெய்ம்மா விட்டீங்க?"

"மெஷின் எண்ணெய்தாம்பா."

"அய்யோ, அதுல உள்ள இருக்கிற ரப்பர் வாஷர் ஊதிப்போயிடும்மா. இதுக்கு சிலிக்கான் எண்ணெய்தான் விடணும்."

அன்று முழுக்க அழுதேன். வாஷர் மாற்றக் கொடுத்திருக்கிறோம். இப்போதெல்லாம் துப்பாக்கிக்கு என்று கூச்சப்படாமல் சொல்லித்தான் எண்ணெய் வாங்குகிறேன்.

"துப்பாக்கி யாருக்கும்மா?" என்றார் கடைக்காரர்.

"என் பையனுக்கு" என்றேன்.