அரைப் பேர்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொள்பவள் நான். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். அங்கே வளர்ந்து எட்டாம் வகுப்புக்குப் போய்விட்ட ஒரு பெண்பிள்ளை, ஒரு திங்கட்கிழமை வாசலில் வந்து நின்றது. தாய் வெளிநாட்டில்.

"வெள்ளிக்கிழம அப்பா என்னக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்புறாங்க ஆயாம்மா."

அழவில்லை. சீருடையைத் தங்கச்சிக்கு மடித்து வைத்துவிட்டதாகச் சொன்னது. அதுதான் என்னைச் சுட்டது.

கிராம சேவகரிடம் போனேன். அது தோட்டத்து விஷயம் என்றார். தோட்ட நலன்புரி அதிகாரி, பிரதேச செயலகத்தில் போய்ச் சொல் என்றார். செயலகத்துச் சிறுவர் உரிமை அதிகாரி, பள்ளிக்கூடம் எழுதித் தரட்டும் என்றார். பள்ளிக்கூடத்து அதிபரோ, பிள்ளை இன்னும் பள்ளியை விட்டு நிற்கவில்லையே என்றார். ஆளுக்கொரு நாற்காலி, நாற்காலிக்கொரு பதில். அதற்குள் புதன்கிழமை.

நால்வருக்கும் போன் எடுத்து ஒரே பொய்யைச் சொன்னேன்: மற்ற மூவரும் நாளைக் காலை மடுவத்துக்கு வருகிறார்கள், நீங்கள்தான் பாக்கி. நால்வரும் வந்து, குழந்தைகளின் குட்டிப் பெஞ்சுகளில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தார்கள். தகப்பனையும் கூப்பிட்டிருந்தேன்.

பிள்ளைகளின் வரவுப் புத்தகத்தை விரித்தேன். காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் கூப்பிடுவது போல ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளைக்கு இன்றைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நலன்புரி அதிகாரி, பார்ப்போம் என்றார்.

"பாப்போம்னா அரைப் பேர்தாங்க சார். கொழுந்து கொறஞ்சா எங்களுக்கு அரைப் பேர்னு அரை நாள் சம்பளந்தானே போடுறீங்க?"

அதிபர் சிரித்துவிட்டார். அதன் பிறகு யாரும் நழுவவில்லை. பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது சட்டப்படி குற்றம் என்று சிறுவர் உரிமை அதிகாரி தகப்பனுக்கு எடுத்துச் சொன்னார்.

"பொம்பளப் புள்ளைய லயத்து வீட்டுல தனியா விட்டுட்டு நா எப்புடிக்கா வேலைக்குப் போறது?" என்றார் அவர்.

அந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்டிருக்கவில்லை, நான் உட்பட. பள்ளி விட்டதும் அக்காவும் தங்கையும் மடுவத்துக்கு வரட்டும் என்றேன். நலன்புரி அதிகாரி அதற்கு அங்கேயே அனுமதி எழுதினார். வாரம் ஒருமுறை வந்து பார்ப்பதாகக் கிராம சேவகர் ஏற்றார். பள்ளி வரவை அதிபர் தானே கவனிப்பதாகச் சொன்னார். ஒரே தாளில், தகப்பனுடையதோடு ஐந்து கையெழுத்து.

வெள்ளிக்கிழமை காலை அந்தச் சீருடை பள்ளிக்கூடத்துப் பாதையில் போனது, அக்காவின் உடம்பில்.

நால்வருக்கும் முழுப் பேர் போட்டேன். தகப்பனுக்கு அரைப் பேர்தான். மனவருத்தம்தான் அவருக்கு, தெரியும். மகள் பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சை எழுதட்டும், மீதியைப் போடுகிறேன்.