பாக்கியம் அக்கா எழுதிய, முதலாளிக்குச் சொந்தமான இரங்கல்கள்

பாக்கியம் அக்கா இறந்த செய்தியை, விடுப்பு முடிந்து ஊரிலிருந்து திரும்பிய அன்று, இராமநாதபுரம் பேருந்து நிலையச் சுவரில்தான் படித்தேன். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. அவர் படம், அதன் கீழ் நான்கு வரிக் கவிதை, அதற்கும் கீழே 'ஆழ்ந்த வருத்தத்துடன்' எங்கள் அச்சக முதலாளியின் பெயர். கவிதை அக்கா வேறு யாருடைய சாவுக்கோ எழுதியது. ஒரு பணியாளரின் இரங்கலை அவரையே எழுதவைத்த சிக்கனம் வேறெந்த முதலாளிக்கும் வாய்த்திருக்காது.

எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். நான் பிழை திருத்துபவன்; அக்கா கணினியில் சுவரொட்டி அமைப்பவர். சாவு வீட்டிலிருந்து வருகிறவர்களை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "கடைசியா உங்கள என்ன சொல்லி ஏசுனாக?" வந்தவர்கள் அழுவார்கள், பிறகு சிரிப்பார்கள், பிறகு சொல்வார்கள். முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவருக்காக அப்படி எழுதியது இது:

ஆட்டை அடைச்சியாடா என்றாய்.
அடைத்துவிட்டேன், அய்யா.
எண்ணிப் பார்க்க
நீ வர வேண்டும்.

"எங்கய்யா பேசுற மாதிரியே இருக்குத்தா" என்று மகன் அழுதார்.

முதலாளி அவற்றையெல்லாம் 'மாடல்' என்று கணினியில் சேமித்தார். அடுத்து வருகிறவர்கள் மாடலைத் தொட்டுக் காட்டினால் போதும், கேள்வி தேவையில்லை. ஆடே வளர்க்காத வங்கி அதிகாரி ஒருவரும் ஆட்டை அடைக்கச் சொல்லிவிட்டு இறந்தார்.

பிறகு அவற்றை நூலாக்கும் எண்ணம் முதலாளிக்கு வந்தது. ஆசிரியர் அவரே. பக்கம் அமைக்கும் வேலை அக்காவுக்கு. மெய்ப்போடு என் மேசைக்கு வந்தார்.

"அட்டையில ஒரு பிழை இருக்கு தம்பி, பாத்தியா?"

"எழுத்தெல்லாம் சரியாத்தானேக்கா இருக்கு?"

"எழுத்து சரிதான். ஆளுதான் வேற."

நீதிமன்றத்தில் எனக்குத் தெரிந்த வக்கீலிடம் போனோம். சம்பளத்துக்கு, வேலையின் பகுதியாக எழுதியது. வேறு ஒப்பந்தமும் இல்லை. ஆகவே பதிப்புரிமை முதலாளிக்கே என்றார். ஆனால் எழுதியவர் நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை மட்டும் எழுதியவரை விட்டுப் போகாது என்றார்.

"விக்கிற உரிமை அவருக்கு, பேரு எனக்கு. அம்புட்டுத்தானே? எனக்கு அது போதும்" என்றார் அக்கா.

அன்று மாலையே முதலாளியிடம் கேட்டார்.

"ஏத்தா பாக்கியம், வீடு கட்டுனா கொத்தனாரு பேரையா வாசல்ல எழுதுறோம்?"

"எழுத வேணாம்ணே. ஆனா கட்டுனதே நாந்தான்னு நீங்க சொல்லிக்கிறீகளே!"

முதலாளி யோசித்தார். பெருந்தன்மையாக நடந்துகொண்டார். நூலின் கடைசிப் பக்கத்தில், 'பக்க வடிவமைப்பு: பாக்கியம்' என்று போட அனுமதித்தார். அதையும் அக்காதான் தட்டச்சு செய்தார்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பத் தயாராக இருந்தார். அக்காதான் வேண்டாமென்றார். "வேலைய விட்டு நிப்பாட்டிட்டா இந்த வயசுல யாரு தம்பி சேத்துக்குவா?" சட்டம் தந்ததைக் கையில் வாங்க வேலையைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது. வேலை மிஞ்சியது, பெயர் வரவில்லை. இப்போது அக்காவும் இல்லை. அந்த நூல் இன்றும் முதலாளியின் பெயரில்தான் விற்கிறது.

சென்ற ஆண்டு என் அய்யா இறந்தபோது, அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு திருவாடானையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னிடமும் அதே கேள்வியைக் கேட்டார். சொன்னேன். ஒரு தாளில் எழுதி, கீழே தன் பெயரையும் போட்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

"இன்னைக்கு நான் லீவு தம்பி. இது வேலையில எழுதுனதில்ல. என்னது. நம்ம கடையில அடிச்சிராத, மாடலாயிரும்."

அடிக்கவில்லை. அவர் கைப்பட எழுதியதில் என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். முதலாளிக்குச் சொந்தமில்லாததும் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். இதன் உரிமை இப்போது அவர் மகளுக்கு. அவரிடம் அனுமதி கேட்டு இங்கே அச்சிடுகிறேன்:

கிளம்பு, பஸ் போய்விடும் என்றே
என்னை விரட்டிக்கொண்டிருந்தாய்.
இன்று எனக்கு அவசரமில்லை.
நீ கிளம்பிவிட்டாய்.

எழுதியவர்: பாக்கியம்