மெட்டுப் பிடுங்கிய கிட்டார்

எனக்குப் பாட வராது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, நான் வாயைத் திறந்தால் என் தங்கையே காதைப் பொத்திக்கொள்வாள். வீணை வரும். எட்டு வருஷம் கற்றுக்கொண்டேன். ஆனால் வீட்டுக்கு ஒரே வீணை. கல்யாணமாகி நான் மாதுங்காவுக்கு வந்தபோது அது தங்கையோடு திருச்சியில் தங்கிவிட்டது. வந்திருந்தாலும் எங்கள் இருவருக்கென்று இருந்த ஒற்றை அறையில் அதைக் கிடத்த இடம் ஏது?

அதனால் நவராத்திரி என்றாலே எனக்குப் பயம். கொலு பார்க்கப் போகிற வீட்டிலெல்லாம் “ஒரு பாட்டுப் பாடேன்” என்பார்கள். பாடாமல் சுண்டலை வாங்கிக்கொண்டு வருவது அந்தக் காலத்து மாதுங்காவில் கிட்டத்தட்டக் குற்றம். முதல் வருஷம் தொண்டைக்கட்டு என்றேன். இரண்டாம் வருஷமும் தொண்டைக்கட்டு என்றேன். “உங்காத்து மாட்டுப்பொண்ணுக்கு நவராத்திரி வந்தா தொண்டை கட்டிக்குமா?” என்று மாடிவீட்டு மாமி என் மாமியாரிடம் கேட்டுவிட்டாள். மாமியார் சிரித்து வைத்தார். வீட்டுக்கு வந்தபின் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

என் கணவருக்கு ஃபோர்ட்டில் குமாஸ்தா வேலை. சனிக்கிழமையானால் மாஹிமில் நண்பர்களோடு சேர்ந்து பேண்ட் வாசிப்பார். அதில் இவருக்கு பேஸ் கிட்டார்; நாலே கம்பி, ஒவ்வொன்றும் தடி தடியாக, ஸ்பீக்கரில் மாட்டித் தட்டினால் அடிவயிற்றில் கேட்கும். கப்பலில் வேலை பார்த்த ஒருவரிடம் வாங்கிய பழசு அது. வாசித்து வாசித்து, விரல் அழுத்துகிற பலகையில் குறுக்கே பதித்திருக்கும் மெட்டெல்லாம் தேய்ந்து, எங்கே அழுத்தினாலும் வண்டு மாதிரி இரைந்தது. பம்பாய் முழுக்க அலைந்தும் புது மெட்டுக்கான கம்பி கிடைக்கவில்லை. நண்பர் ஒருவர் வேறு கிட்டார் கொடுத்ததும் பழசு எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து வீணை மாதிரி மடியில் கிடத்திப் பார்த்தேன். வீணையில் கம்பியை இழுத்தால் ஸ்வரம் வளையும். இந்தத் தடிக் கம்பி அசைந்தே கொடுக்கவில்லை. விரலைத் தேய்த்துக்கொண்டு போனாலோ மெட்டுக்கு மெட்டு இடறியது. மெட்டே இல்லாவிட்டால்? கோட்டுவாத்தியத்துக்கு மெட்டு ஏது, வயலினுக்கு ஏது?

“ஏன்னா, இதோட பல்லையெல்லாம் பிடுங்கிடலாமா?” என்று கேட்டேன்.

அவர் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். கிட்டாரைப் பார்த்தார். எழுந்து போய் ஆணி பிடுங்குகிற குறடு ஒன்றை எடுத்து வந்தார். அவர் மேல் எனக்கு நிஜமாகவே ஆசை வந்தது அன்றைக்குத்தான்.

சமையலறையிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். “நவராத்திரிக்கு வாசிப்பியா?”

“வாசிப்பேன்” என்று சொல்லித் தொலைத்தேன். அஷ்டமியன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக் கொலுவில் என்று நாள் குறித்து, விளக்கு வைப்பதற்குள் கட்டிடம் முழுவதும் சொல்லிவிட்டு வந்தார் மாமியார். இனி தொண்டைக்கட்டு என்று தப்பிக்க முடியாது.

மெட்டுகளை ஒவ்வொன்றாகச் சூடுகாட்டி நெம்பினோம். வரும்போது கொஞ்சம் சிராயையும் பிய்த்துக்கொண்டுதான் வந்தன. மெட்டு இருந்த இடமெல்லாம் நீளநீளமாகப் பள்ளம். அதை அடைக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். வீணைக்கு மெட்டை மெழுகில்தானே உட்கார வைக்கிறார்கள்? தேன்மெழுகில் கரியைக் குழைத்து, உருக்கி ஊற்றி, வழித்துவிட்டேன். கறுத்த பலகையில் மெழுகு இருக்கிற இடமே தெரியவில்லை. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் வீணையில் கம்பி அழுந்துவது மெட்டின் மேல், மெழுகின் மேல் அல்ல. எட்டு வருஷம் வாசித்தவளுக்கு அது உறைக்கவில்லை.

பம்பாய்ப் புழுக்கத்தில் மெழுகு இளகிக் கம்பி அதில் புதைந்தது. என் பத்து விரலும் கரி, புடவையும் கரி. நவராத்திரி தொடங்க இரண்டு நாள்தான் இருந்தது.

கணவருடைய பேண்டுக்கு ஸ்பீக்கர் பெட்டி செய்துகொடுத்தவர் தாராவியில் மரச்சாமான் பட்டறை வைத்திருந்தார். திருநெல்வேலிக்காரர், எங்கள் வயதுதான், பாலிஷ் வேலையில் கெட்டிக்காரர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனோம்.

“மெழுகையா ஊத்துனிய? எந்தக் கிறுக்கன் சொன்னான்?”

“நான்தான் ஊத்தினேன்” என்றேன்.

“நல்லா வெளங்கும்” என்றவர், மெழுகைச் சுரண்டி டர்பன்டைனால் துடைத்து, பள்ளங்களில் மெல்லிய வெள்ளை மரப்பட்டிகளைச் சொருகி ஒட்டிச் சமமாகத் தேய்த்தார். மெட்டு இருந்த இடமெல்லாம் இப்போது கோடு. “பீரோவுக்குப் போடுத ஸ்பிரிட் பாலிஷ் இதுக்கு ஆவாது. கம்பி ரெண்டே நாள்ல தின்னுரும். படகுக்கு அடிக்க வார்னிஷ் போடுதேன். ஏழு கை பூசணும். ஒரு கை காயாம அடுத்த கை கெடையாது.”

“அஷ்டமிக்கு வேணும்.”

“அத வார்னிஷ்கிட்ட சொல்லுங்க.”

வார்னிஷ் கேட்கவில்லை. தினம் தாராவிக்கு நடந்தேன். அஷ்டமி மத்தியானம் ஏழாவது கை விரலில் பசக்கென்று ஒட்டியது. அன்று சாயங்காலம் கொலுவில் கூடம் நிறைந்த பெண்கள். “இந்தத் தடவையும் தொண்டைக்கட்டா?” என்றாள் மாடிவீட்டு மாமி. “இல்லை மாமி, கிட்டார் காயலை” என்றேன். அத்தனை பேரும் சிரித்தார்கள். மாமியார் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் சமையலறைக்குப் போய் அழுதேன்.

மறுநாள் காய்ந்திருந்தது. ஆனால் அன்று ஆயுத பூஜை. பட்டறையில் பிரஷ், ரம்பம், உளியோடு சேர்த்து என் கிட்டாரையும் பட்டறைக்காரர் சாமி படத்துக்கு முன்னால் சாய்த்து, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். “பூஜைல வச்சத எடுக்கப்படாது. நாளைக்குக் காலைல வந்து, இங்க வாசிச்சுட்டுத்தான் எடுத்துட்டுப் போணும்” என்றார். என்னத்தைச் சண்டை போடுவது? எங்கள் வீட்டில் புஸ்தகமெல்லாம் பூஜையில்தான் இருந்தது. வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மாமியார், “நானும் வரேன்” என்றார், அவ்வளவுதான்.

விஜயதசமி காலையில் மூன்று பேரும் போனோம். பூஜையிலிருந்து எடுத்த பிரஷ்ஷால் சாஸ்திரத்துக்கு ஒரு முக்காலிக்கு ஒரு கை வார்னிஷ் அடித்து ஓரமாக வைத்தார் பட்டறைக்காரர். பிறகு என் முறை. கணவர் கம்பியை மாட்டிச் சுருதி சேர்த்தார். பலகையில் வைத்த குங்குமம் வார்னிஷில் பிடித்துக்கொண்டு போகவில்லை, இருக்கட்டும் என்றேன். மீட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பீக்கரோ மாஹிமில் இருந்தது; எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. பட்டறை ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது.

“யம்மா, அந்தத் தேக்கு பீரோவுல முட்டுக் குடுத்து அடிங்க” என்றார் பட்டறைக்காரர்.

கிட்டாரின் விளிம்பைப் புது பீரோவில் அழுத்திக்கொண்டு மறுபடி மீட்டினேன். பீரோ முழுவதும் உறுமியது. மோகனத்தில் காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்கு விரலை வழுக்கவிட்டேன். எங்கும் இடறாமல், வெண்ணெயில் போவதுபோலப் போனது. எனக்குச் சிரிப்பு பொங்கியது. இத்தனை நாள் தொண்டையில் இல்லாத குரல் இதில் வந்துவிட்டது.

முடித்ததும் ஒரு ஆள், “இன்னொண்ணு வாசிங்க” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார், “வாசிப்பா, வாசிப்பா” என்று சொல்லிக்கொண்டே ஓரத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

“யம்மா, அதுல உக்காராதீய! இப்பத்தான அடிச்சேன்!”

மாமியார் எழப் பார்த்தார். பட்டுப்புடவை வரவில்லை. ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி நன்றாக அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.

“ஒட்டிண்டா ஒட்டிக்கட்டும். நீ வாசிடி.”

இன்னும் மூன்று உருப்படி வாசித்தேன். முடிகிறவரை அவர் எழுந்திருக்கவில்லை.