உடைந்து போன ஆர்என்ஏயும் என் ஸலாமும்

"இன்னொரு சுற்றும் பழுதானா கல்முனைய ஆய்வில இருந்து எடுக்கத்தான் வேணும்," என்று ஆய்வை நடத்தும் கொழும்பு டொக்டர் சொன்னபோது, கல்முனை லேப் வேலையில் எனக்கு இருபது வருடம் கடந்திருந்தது. அப்படி ஒரு வார்த்தையை அதற்கு முன் நான் வாங்கியதில்லை.

எலும்பு மெலிந்து முறியும் பெண்களின் இரத்தத்தில் ‘லோங் நொன்கோடிங் ஆர்என்ஏ’ பார்ப்பதுதான் ஆய்வு. இது தானாக ஒரு புரதமும் செய்யாது; ஆனால் எலும்பைக் கட்டும் உயிர்க்கலமும் கரைக்கும் கலமும் எவ்வளவு வேலை செய்வது என்பதில் மூக்கை நுழைக்கும். அப்படியான மேலதிகாரிகளோடு பழகியவள் என்பதால் எனக்குச் சட்டென்று விளங்கியது.

இரத்தம் எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்து, சின்ன டியூப்களில் உறைய வைத்து பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்புவது என் வேலை. முதல் சுற்றில் போன ஆர்என்ஏ எல்லாம் துண்டு துண்டாக உடைந்திருந்தது. கரண்ட் கட்டைத் திட்டினேன், ஐஸ் பெட்டியைத் திட்டினேன், பஸ்காரரையும் விடவில்லை.

மருதமுனையில் தறி நெய்யும் சித்தி உம்மா, கையூன்றி எழும்பியதிலேயே மணிக்கட்டு முறிந்தவர். அவரைத் திரும்பவும் இரத்தம் தரக் கூப்பிட வெட்கமாக இருந்தது.

"இன்னொருக்கா தாறன் மகள். அதுக்குப் பொறகு கேக்கப்படா," என்றார்.

அன்று பின்னேரம் டொக்டர் போனில் கோல் எடுத்தார். "நீங்க செய்யிறத ஒண்டும் விடாமச் சொல்லுங்க மிஸ்."

"டியூபத் திறக்கப் போறப்ப அடுத்த ஆள் வருவாங்க. க்ளவ்ஸக் கழட்டி, கையப் புடிச்சு ஸலாம் குடுப்பன். திருப்பிப் போட்டுக்கிட்டு..."

"நில்லுங்க. அதே க்ளவ்ஸையா?"

"ஓம் டொக்டர்." சொல்லும்போதே பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது. நம் தோலில் உள்ள நொதியம் ஆர்என்ஏயைத் துண்டாக்கிவிடும் என்று படித்தவள் நான். வெறுங்கையால் பிடித்து மாட்டிய அதே கையுறையோடு டியூப்களைத் திறந்திருக்கிறேன்!

"அப்ப ஸலாம் குடுக்கிறத நிப்பாட்டுங்களன்."

"அது ஏலா டொக்டர். ரெண்டு கையயும் நீட்டிக்கிட்டு வாறாங்க, க்ளவ்ஸோட எப்பிடிப் புடிக்கிற? ஒவ்வொரு தரமும் புதுசு போடுறன்."

சித்தி உம்மாவிலிருந்து கடைசி ஆள்வரை அப்படியே செய்தேன். "என்ன மிஸ், க்ளவ்ஸ அவிச்சுத் திங்கிறீங்களா?" என்று ஸ்டோர் கீப்பர் கேட்டார்.

முடிவு சொல்லக் கோல் வந்தது.

"எல்லாம் முழுசா இருக்கு மிஸ். கல்முனைய எடுக்கல்ல."

அல்ஹம்துலில்லாஹ் என்று கதிரையில் இருந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அந்தப் பெண்களின் இரத்தம் வீண் போகவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

லேபில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வேலைமுறைத் தாளை நான் வரிக்கு வரி பின்பற்றியவள். அந்தத் தாளில் ஸலாம் இல்லை. அதனால் அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. பிழை பிடிபடாவிட்டால், தாளில் இல்லாமல் உங்கள் கை செய்வதையும் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்.